குணமாகாமல் சொன்ன நன்றி

எங்கள் பக்கம் அடக்க ஆராதனையில், இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பை வீட்டார் ஒருவர் வாசிக்க வேண்டும். ஐகாவுக்கு நான் வாசித்தேன். பிறப்பு, ஞானஸ்நானம், திடப்படுத்தல், திருமணம், பிள்ளை, நோய், மரணம் என்ற வரிசையில் எழுதியிருந்தேன். பந்தலுக்கு வெளியே வாழை மரங்களின் கீழ் தூறலில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி உரக்கத்தான் வாசித்தேன். நோய் என்ற இடத்தில், ‘நெடுநாள் சுகவீனத்தைப் பொறுமையோடு தாங்கினார்’ என்று ஒரே வரி. அதைக் கேட்டதும் முன்வரிசையில் எங்கள் ஜெபக்குழுத் தலைவி காட்லிசன் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அந்த வரி சரியில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஐகாவிடம் இருந்ததற்குப் பொறுமை என்று பெயர் வைக்க முடியாது. அவள் கடைசிவரை கூசிக்கொண்டே இருந்தாள். படுத்திருப்பதற்குக் கூசினாள், பிறர் செய்த வேலைக்குக் கூசினாள், ஜெபிக்கும்போது ஆண்டவர் முன்னாலும் கூசினாள்.

அந்த ஒரு வரியில் அடங்காததை எழுதிப் பார்க்கிறேன்.

ஐகாயெலி என்பது முழுப்பெயர். எங்கள் சாகா மொழியில் ‘ஆண்டவருக்கு நன்றி’ என்று பொருள். என் அண்ணன் அமினியேலின் மனைவி. வயதில் என்னைவிட இளையவள் என்பதால் நான் பெயர் சொல்லியே கூப்பிட்டேன். அவள் என்னை அக்கா என்றாள். மலையின் மச்சாமே சரிவில் அவர்களுடைய வீடு, வாழைத்தோட்டத்தின் நடுவே. நான் கீழே மோஷி நகரத்தில் பள்ளி ஆசிரியை. சனிக்கிழமைகளில் ஏறி வருவேன்.

எங்கள் சரிவில் மாடுகள் மேயப் போவதில்லை. கொட்டிலிலேயே நிற்கும். புல் வளர்வது கீழே சமவெளியில். பெண்கள் இறங்கிப் போய் அறுத்துக் கட்டித் தலையில் வைத்து மேலே ஏற்ற வேண்டும். ஒரு பெண்ணைப் பற்றிக் கேட்டால் அவள் தூக்கும் புல்லுக்கட்டைப் பற்றித்தான் முதலில் சொல்வார்கள். மருமகளாக வந்த புதிதில் ஐகாவின் கட்டு பெரியது. சும்மாட்டைக்கூடத் தொடாமல், கை இரண்டையும் வீசிக்கொண்டு ஏறி வருவாள்.

பிள்ளை உபெண்டோ பிறந்த மறு வருடம் அது நின்றது. காலையில் விரல்கள் மடங்கவில்லை. ஒரு பானையைக் கழுவினால் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் எழ வேண்டும் என்ற எண்ணமே மலையாக நின்றது. சில நாட்கள் ஒன்றுமில்லாததுபோல் நடப்பாள். அடுத்த நாள் கதவின் தாழ்ப்பாளைத் தள்ள முடியாது. மோஷி ஆஸ்பத்திரியில் மாதக்கணக்காக அலைந்த பிறகு ஒரு டாக்டர் அதற்குப் பெயர் சொன்னார்: லூபஸ். உடம்பின் காவல்காரர்களே வீட்டு ஆட்களை அடிக்கிறார்கள் என்று விளக்கினார்.

“அந்தக் காவக்காரங்களை வேலைய விட்டு நிறுத்த முடியாதா டாக்டர்?” என்று அண்ணன் கேட்டான்.

“நிறுத்த முடியாது. மாத்திரை குடுத்துத் தூங்க வைக்கலாம். மாத்திரைய விட்டா எந்திரிச்சிடுவாங்க.”

மாத்திரையால் ஐகாவின் கன்னங்கள் உப்பின. முகம் வட்டமாகி மினுமினுத்தது. வேலை செய்யாமல் நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று ஊர் பேசியது. புண் இல்லை, கட்டு இல்லை, கைத்தடி இல்லை. காய்ச்சல்காரியை, கால் ஒடிந்தவளைப் பார்க்கத் தெரிந்த எங்கள் ஊருக்கு இவளை எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை.

எங்கள் சபையில் பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்து ஒரு ஜெபக்குழு. அதற்குத் தலைவி காட்லிசன் அம்மா. மூத்த மகனுக்கு ‘கடவுளே, கேளும்’ என்று இங்கிலீஷில் பெயர் வைத்தவர். அவர் ஜெபிப்பதைக் கேட்டால் அந்தப் பெயர் விண்ணப்பமா அதட்டலா என்ற சந்தேகம் வரும். ஆனால் யார் வீட்டில் நோய் என்றாலும் முதலில் போய் நிற்பவர் அவர்தான். ஒரு சனிக்கிழமை குழுவையே கூட்டிக்கொண்டு ஐகாவுக்காக ஜெபிக்க வந்தார். சர்க்கரை, சோப்பு, ஒரு வாழைத்தார்.

வாழைகளுக்கு நடுவே பேச்சுக்குரல் கேட்டதும் ஐகா கட்டிலிலிருந்து எழுந்துவிட்டாள். நான் தோளைப் பிடித்து அழுத்தினேன்.

“படு. உன்னப் பாக்கத்தானே வர்றாங்க.”

“ஆளுங்க வந்திருக்கிறப்போ படுத்துக் கெடந்தா இன்னும் வலிக்கும், அக்கா.”

தலைத்துணியைக் கட்டினாள். அடுப்பைப் பற்ற வைத்தாள். நோயாளியைப் பார்க்க வந்தவர்களுக்கு நோயாளியே டீ ஊற்றினாள்.

“நோயாளி எங்க? நாம வீடு மாறி வந்துட்டமா?” என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். ஐகாவும் சிரித்தாள்.

பிறகு தலையில் கை வைத்து ஜெபித்தார்கள். காட்லிசன் அம்மா வெகுநேரம், வியர்க்க வியர்க்க ஜெபித்தார். ஐகா கண்ணீர் விட்டாள். அது நடிப்பு இல்லை. தனக்காக இத்தனை பேர் வேலையை விட்டு வந்திருக்கிறார்களே என்று அவளுக்குத் தாங்கவில்லை. அவர்கள் போனபின் விழுந்தவள் மறுநாள் ஆராதனைக்கும் எழவில்லை. அதை அவர்களில் யாரும் பார்க்கவில்லை.

அந்த வாரமே டாக்டர் ஒரு புது மாத்திரை சேர்த்தார். ஐகாவுக்கு உண்மையாகவே தெம்பு வந்தது. புல்லுக்குப் போனாள். பாதிக் கட்டுதான், ஆனாலும் தூக்கி வந்தாள். வாய்க்கால் திருப்பத்தில் காட்லிசன் அம்மா எதிரே வந்தார். அங்கே இருவரும் பேசியதை அன்று மாலை ஐகாவே எனக்குப் போனில் சொன்னாள், பாதி சிரிப்பும் பாதி பயமுமாக.

“புல்லுக்குக் கீழ நடக்கிற கால் யாரோடது? உபெண்டோ அம்மா கால் மாதிரி இருக்கே?”

“நான்தான்.”

“கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அப்ப கேட்டுட்டாரு.”

“கொஞ்சம் பரவாயில்ல. புதுசா ஒரு மாத்திரை குடுத்தாங்க...”

“மாத்திரை செஞ்சவனுக்குப் புத்தி குடுத்தது யாரு? நீ ஆலயத்துல நன்றி செலுத்திடணும். ஆண்டவர் குணமாக்கின பத்துக் குஷ்டரோகில ஒன்பது பேரு நன்றி சொல்லத் திரும்பிப் பாக்காமப் போனாங்க. நீ அந்த ஒன்பதோட சேந்துடாத. உன் பேரே நன்றிதானடி.”

நோயிலிருந்து எழுந்தவர் காணிக்கை நேரத்தில் முன்னால் போய் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். உறவுக்காரர்களும் குழுவினரும் பாடிக்கொண்டு, ஆடிக்கொண்டு பின்னால் வருவார்கள். கோழி, முட்டை, வாழைத்தார் எல்லாம் பீடத்தின் முன் வைக்கப்பட்டு, ஆராதனை முடிந்ததும் வாசலில் ஏலம் போகும். குழுவின் பெண்கள் ஒரே மாதிரித் துணியில் தைத்துப் போட்டுக்கொள்வது வழக்கம். துணி எடுத்துத் தைக்கச் சில வாரங்கள் ஆயின. அதற்குள் தெம்பு போய்விட்டது. அந்த ஞாயிறு காலையில் ஐகாவால் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. அண்ணன்தான் போட்டுவிட்டான்.

“வேணாம்னு சொல்லிடலாம்,” என்றான்.

“கோழியக் கட்டி வெச்சுட்டாங்க.”

“அவுத்துவிட்டாப் போச்சு.”

“துணி தெச்சுட்டாங்களே. அத எப்படி அவுக்கிறது?”

அவள் போனாள். நானும் அந்தத் துணியில் அவளுக்குப் பின்னால் ஆடிக்கொண்டுதான் போனேன். பீடத்தின் முன் நின்று, “சுகமில்லாம இருந்தேன். ஆண்டவர் என்னைக் குணமாக்கினார். நன்றி,” என்றாள். பெண்கள் பக்கம் குலவை எழுந்தது. காட்லிசன் அம்மா கைகளை உயர்த்தி அழுதார். ஏலத்தில் கோழியை எடுத்த ஒருவர், குணமானவள் சூப்பு வைத்துக் குடிக்கட்டும் என்று அவளிடமே திருப்பிக் கொடுத்தார். அந்தச் சூப்பை ஐகா வாயில் வைக்கவில்லை. அண்ணனும் உபெண்டோவும் குடித்தார்கள்.

அன்றிலிருந்து அவள் குணமானவள். குணமானவளுக்கு ஆலயம் கூட்டும் முறை வரும், பெண்கள் கூட்டத்துக்குச் சமைக்கும் முறை வரும், சாவு வீட்டில் குவித்திருக்கும் வாழைக்காயை உரிக்க உட்கார வேண்டும். ஒரு சாவு வீட்டில் பாதியில் எழுந்து மரத்தில் சாய்ந்தவளைப் பார்த்து, “நோயா இருந்தப்போ டீ போட்டுக் குடுத்தா. நோய் போனப்புறம் கத்தி பிடிக்க முடியலயாம். இது எந்த ஊரு குணம்?” என்று ஒருத்தி மற்றவர்களுக்குக் கேட்கும்படி சொன்னாள்.

இன்னொரு நாள் அவள் மாத்திரை போடும் நேரத்தில் காட்லிசன் அம்மா உள்ளே வந்துவிட்டார். திட்டவில்லை. வருத்தத்தோடுதான் சொன்னார்: “நன்றி சொன்னப்புறம் இது எதுக்கும்மா? வாங்கினவ, இன்னும் குடுக்கலன்னு கை நீட்டுற மாதிரி இருக்கு.”

அதற்குப் பிறகு ஐகா மாத்திரையை மறைத்துச் சாப்பிட்டாள். கொஞ்ச நாளில், மறைப்பது இரண்டாவது பொய் என்று தோன்றியது. நிறுத்திவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. கன்னம் வற்றியது. மெலிந்து அழகாகிவிட்டாய் என்று நான்கூடச் சொன்னேன்.

நீண்ட மழைக்காலத்தில் ஒரு நாள் புல்லுக்கட்டோடு வாய்க்கால் கரையில் விழுந்தாள். அண்ணன் மோட்டார் சைக்கிள்காரனைப் பிடித்து, அவளை நடுவில் உட்கார வைத்துப் பின்னால் இருந்து தாங்கிக்கொண்டு மோஷிக்கு இறக்கினான். நான் ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தபோது அவள் பாதங்கள் ரொட்டிபோல் வீங்கியிருந்தன. அழுத்தினால் குழி அப்படியே நின்றது.

“சிறுநீரகத்தத் தொட ஆரம்பிச்சிடுச்சு,” என்றார் டாக்டர். “யாரு நிறுத்தச் சொன்னது?”

“யாரும் சொல்லல,” என்றாள் ஐகா. யாரையும் காட்டிக்கொடுக்க மாட்டாள்.

“இனி ஒரு நாள்கூட விடக்கூடாது. விட்டீங்கன்னா என்கிட்ட வராதீங்க, பாஸ்டர்கிட்டப் போங்க.”

அவர் கடிந்துகொள்ளத்தான் அப்படிச் சொன்னார். ஐகா அதை வழியாக எடுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து அண்ணன் மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டியபோது, உள்ளங்கையில் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“முழுங்கு,” என்றான்.

“குணமாயிட்டேன்னு பீடத்துக்கு முன்னால சொல்லியிருக்கேன். இத முழுங்கினா அது பொய்யாயிடும்.”

“அது ஏற்கெனவே பொய்தான்.”

“தெரியும். அதான் மொதல்ல அதத் திருப்பி வாங்கிக்கணும். அப்புறம் முழுங்குறேன்.”

“ஆண்டவருக்குத் தெரியாதா, ஐகா?” என்றேன்.

“அவருக்குத் தெரியும். அதனாலதான் அவர்கிட்டப் போக முடியல, அக்கா. அந்தப் பத்துக் குஷ்டரோகில குணமாகாமலே நன்றி சொன்னவ யாரும் இல்ல. நான் ஒருத்திதான்.”

அண்ணன் தம்ளரைச் சுவரில் வீசினான். அது பிளாஸ்டிக் தம்ளர், உடையவில்லை. அவனே குனிந்து எடுத்துவந்து மறுபடி தண்ணீர் மொண்டு வைத்தான். அவள் குடிக்கவில்லை.

பிறகு நாங்கள் பாஸ்டரிடம்தான் போனோம். பாஸ்டர் முனுவோ முற்றத்தில் காப்பிப் பழங்களைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஐகாவை உட்கார வைத்துவிட்டு, கேட்பதற்கு வசதியாகக் கோணிப்பையைச் சுருட்டித் தரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். சொல்லி முடித்தாள். எங்கள் சபையில் ஒழுங்கு தவறியவர்கள் நற்கருணைக்கு முந்திய ஒரு ஞாயிறு எல்லோர் முன்பும் முழங்கால் இட்டு மந்தைக்குத் திரும்ப வேண்டும். அந்த வரிசையில் தன்னையும் நிறுத்தும்படி கேட்டாள்.

“உபெண்டோ அம்மா, இதுக்கு நம்ம ஒழுங்குல எடமே இல்லயே,” என்றார் பாஸ்டர். “குடிக்கிறது இருக்கு. கல்யாணம் ஆகாமச் சேந்து வாழ்றது இருக்கு. மந்திரவாதிகிட்டப் போறது இருக்கு. நன்றி சொன்னது பாவம்னு எங்கயும் இல்ல.”

“பொய்ச்சாட்சி சொல்லக்கூடாதுன்னு இருக்கு. நீங்கதான் எனக்குப் படிச்சுக் குடுத்தீங்க.”

“அது பிறனுக்கு விரோதமா.”

“பிறனுக்கு விரோதமாத்தான் சொன்னேன். காட்லிசன் அம்மா ஜெபம் பலிச்சுதுன்னு அவங்களயே ஏமாத்தியிருக்கேன்.”

பாஸ்டர் ஒரு பழத்தை நசுக்கிப் பார்த்தார். “குணமாகாதவங்க நன்றி சொல்லக்கூடாதா?”

“சொல்லலாம். நான் குணமானதுக்குச் சொன்னேன்.”

“சரி. இங்கயே முழங்கால் போடு. இப்பவே மன்னிப்பு சொல்லிடறேன். வீட்டுக்குப் போய் மாத்திரையப் போடு.”

“இங்கயா சொன்னேன், பாஸ்டர்? அவங்க எல்லாருக்கும் முன்னால சொன்னேன்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் அவள் பாதங்களைப் பார்த்தேன். மந்தைக்குத் திரும்பும் ஞாயிறு அடுத்த மாதம்தான் வரவேண்டியது. அதை வரும் ஞாயிற்றுக்கு மாற்றுவதாகச் சொன்னார். “ஆனா மாத்திரைய இன்னிக்கே ஆரம்பி. அதுவரைக்கும் அந்தப் பொய் என் தலையில இருக்கட்டும்.”

“உங்க தலையில ஏத்த மாட்டேன்,” என்றாள் ஐகா. எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. வழியெல்லாம் அவளைக் கடிந்துகொண்டே வந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நடந்தாள்.

ஞாயிறு வந்தது. வரிசையில் கல்யாணம் ஆகாமல் சேர்ந்திருந்த ஒரு இளம் ஜோடி, கைக்குழந்தையோடு. அடுத்து லெமா, குடியை விட்டுவிட்டுத் திரும்பவும் குடித்து, மூன்றாவது தடவையாகத் திரும்புகிறவர். கடைசியில் ஐகா. முழங்கால் இடும்போதே ஒரு கையைத் தரையில் ஊன்றிக்கொண்டாள். ஆலயம் முழுக்கக் கிசுகிசுப்பு. லெமா அவள் பக்கம் சாய்ந்து கேட்டதை நான் முதல் பெஞ்சில் இருந்ததால் கேட்டேன்.

“நீங்க எதுக்கு இங்க?”

“பொய் சொன்னேன்.”

“பொய்க்கெல்லாம் முழங்கால் போட்டா ஆலயத்துல பெஞ்சு எதுக்கு?”

பாஸ்டர் மற்றவர்களின் தவறுகளைத் தாமே வாசித்தார். ஐகாவிடம் வந்ததும், “இவங்க தாங்களே சொல்லுவாங்க,” என்றார்.

“நான் குணமாகல,” என்றாள் ஐகா. குரல் எழவில்லை. பின்னாலிருந்து யாரோ உரக்கப் பேசச் சொன்னார்கள். “நான் குணமாகல. குணமாயிட்டேன்னு இங்க நின்னு சொன்னேன். இன்னும் நோயாத்தான் இருக்கேன். சாகுறவரைக்கும் இருக்கும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நீங்க எனக்காக ஆடினீங்க. மன்னிச்சிடுங்க.”

காட்லிசன் அம்மாவின் முகம் அடைத்த கதவுபோல் இருந்தது.

பாஸ்டர் வழக்கமான கேள்விக்கு வந்தார். இந்தப் பாவத்தை இனிச் செய்யமாட்டேன் என்று வாக்களிக்கிறீர்களா? ஜோடி வாக்களித்தது. லெமா எல்லோரையும்விடப் பலமாக வாக்களித்தார். ஐகா தரையில் ஊன்றியிருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாஸ்டர் மறுபடி கேட்டார்.

“முடியாது, பாஸ்டர்.”

“என்னது?”

“வெளிய போனா யாராவது எப்படி இருக்கேன்னு கேப்பாங்க. நல்லா இருக்கேன்னு வாய் தானாச் சொல்லிடும். அதுவும் பொய்தானே. நான் எப்படி வாக்கு குடுக்கிறது?”

சிலர் சிரித்துவிட்டார்கள். எங்களில் யாரும் அதற்கு வேறு பதில் சொல்வதில்லை. அப்பா இறந்த வீட்டில்கூட முதலில் நல்லாயிருக்கோம் என்றுதான் சொல்லுவோம். அதற்குப் பிறகுதான் ‘ஆனா’ வரும், அப்பா நேற்றுப் போய்விட்டார் என்று சொல்வோம். ஐகா எந்த நாளும் அந்த ‘ஆனா’வுக்குப் போனதில்லை. பாஸ்டர் கையிலிருந்த ஆராதனை முறைப் புத்தகத்தைப் புரட்டினார். அதில் இதற்குப் பதில் இருக்காது என்று அவருக்கும் தெரிந்திருக்கும்.

காட்லிசன் அம்மா எழுந்து நின்றார்.

“அவ வாக்கு குடுக்க வேணாம், பாஸ்டர். அவமேல எனக்குக் கோபம் இருக்கு. என் ஜெபம் கேக்கப்படலங்கிறத இத்தன பேருக்கு முன்னால சொல்லிட்டா. சரி, அது எனக்கும் ஆண்டவருக்கும் உள்ள வழக்கு, நான் பாத்துக்கிறேன். ஆனா அன்னிக்கு டீ ஊத்தினப்போ அவ கை நடுங்கிச்சு. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் குடிச்சேன்.” மூச்சு வாங்கிக்கொண்டார். “எப்படி இருக்கேன்னு ஒரு தடவ கேட்டோம். நல்லா இருக்கேன்னா. எங்களுக்கும் அதுதான் வேண்டியிருந்துச்சு, வந்துட்டோம். இனி ரெண்டு தடவ கேக்குறோம். ரெண்டாவது தடவையும் பொய் சொன்னா, அப்ப கொண்டு வந்து நிறுத்துங்க.”

“சபை இதுக்குச் சம்மதிக்குதா?” என்றார் பாஸ்டர். இந்தக் கேள்வியும் அந்த முறையில் இல்லாததுதான்.

ஆமென் என்றார்கள். சிலர் மட்டும் முதலில், பிறகு எல்லோரும்.

ஐகாவால் எழ முடியவில்லை. லெமா அவள் கைக்குக் கீழ் தோளைக் கொடுத்துத் தூக்கினார். “மூணு தடவ வந்துட்டேன், உபெண்டோ அம்மா,” என்றார் மெதுவாக. “என்கிட்ட யாரும் ஒரு தடவகூடக் கேட்டதில்ல.”

“எப்படி இருக்கீங்க, அண்ணே?” என்றாள் ஐகா, நிற்பதற்குத் தடுமாறிக்கொண்டே.

அவர் அவளைப் பெஞ்சில் கொண்டுவந்து உட்கார வைத்தார்.

வாசலில் முட்டை ஏலம் போய்க்கொண்டிருந்தபோது அண்ணன் அவளைக் குழாயடிக்குக் கூட்டிப்போனான். சட்டைப் பையில் காகிதத்தில் மடித்து வைத்திருந்த மாத்திரையை எடுத்தான். உள்ளங்கையில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தான். அவள் விழுங்கியபின் வாயைத் திறந்து காட்டச் சொன்னான், குழந்தைக்குச் சொல்வதுபோல். அவள் திறந்து காட்டினாள்.

அதன் பிறகு அவள் சில வருடங்கள் இருந்தாள். மாத்திரையை விடவில்லை. ஆனால் விட்டிருந்த அந்த மாதங்களில் சிறுநீரகத்துக்கு ஆனது முழுதாகச் சரியாகவில்லை. கடைசியில் அதுதான் அவளைக் கொண்டுபோனது. அதற்கு யார் காரணம் என்று அண்ணன் ஒருநாளும் பேசியதில்லை. எனக்கும் அந்தக் கேள்வியைத் தனியாக எடுத்து யார்மேலாவது வைக்க முடியவில்லை. அவள் நன்றி சொன்ன அன்று நான் போட்டு ஆடிய துணி இன்னும் என் பெட்டியில் இருக்கிறது.

எனக்கு மறக்காதது அந்த ஞாயிறு முடிந்து வந்த வாரம். பள்ளிக்கு விடுமுறை, நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். ஐகாவின் கட்டிலருகே முக்காலி போட்டு உட்கார்ந்து வாழைக்காய் உரித்துக்கொண்டிருந்தேன். வெளியே கொட்டிலருகில் தொப்பென்று ஒரு கட்டு விழுந்தது. மாடு கத்தியது.

“உபெண்டோ அம்மா, எப்படி இருக்கே?” காட்லிசன் அம்மாவின் குரல்.

“நல்லா இருக்கேன்.”

காலடி வாசல்வரை வந்து நின்றது.

“எப்படி இருக்கே?”

ஐகா என்னைப் பார்த்தாள். “இன்னிக்கு முடியல,” என்றாள்.

“சரி, படு. உள்ள வர மாட்டேன், கோபம் இன்னும் தீரல. புல்ல மட்டும் மாட்டுக்குப் போட்டுட்டுப் போறேன்.”

கட்டின் கயிற்றை அவிழ்க்கும் சத்தம் கேட்டது. ஐகா சுவர்ப்பக்கம் திரும்பினாள். திரும்பவும் இந்தப் பக்கம் திரும்பினாள்.

“அவங்களுக்கும் மூட்டு வலி உண்டு, அக்கா. அந்த ஏத்தத்துல எப்படித் தூக்கிட்டு வந்தாங்களோ.”

அவள் எழுந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். கால்களைத் தரையில் வைத்தாள். தலைத்துணியைத் தேடி எடுத்தாள். வெளியே காட்லிசன் அம்மா மூச்சிரைத்தபடி மாட்டை வைதுகொண்டிருந்தார். ஐகா அந்த மூச்சையே கேட்டுக்கொண்டு, துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் குற்றவாளியின் முகமாகவே இருந்தது. பிறகு துணியை மடித்துத் தலையணைக்கடியில் வைத்தாள். கையால் ஒரு காலைத் தூக்கிக் கட்டிலில் ஏற்றினாள். கொஞ்சம் பொறுத்து மற்றக் காலையும் ஏற்றினாள்.